சம்பந்தி உயரத்தில் ஒரு ரிங்

1. கெட்டிமேளம்

மற்ற ஊர்களில் பேஸ்கட்பால் ஆட்டம் விசில் அடித்தால் தொடங்கும். எங்கள் கல்லூரியில் பொன்னாடை போர்த்தினால்தான் தொடங்கும். குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, பொன்னாடை போர்த்தியவருக்கு ஒரு பதில் பொன்னாடை. இவ்வளவும் முடிந்த பிறகு சிறப்பு விருந்தினர் கோர்ட்டில் இறங்கி ரிங்கில் ஒரு பந்தைப் போட வேண்டும். அது உள்ளே விழுந்தால்தான் போட்டி தொடங்கியதாகக் கணக்கு. அதுவரை இரண்டு டீமும் ரிங்குக்கு இரண்டு பக்கமும் பெண்ணழைப்புக்கு வந்தவர்கள் மாதிரி வரிசையாக நிற்க வேண்டும்.

பாபநாசத்திலிருந்து தஞ்சாவூர் போகிற வழியில், சுற்றிலும் வயல் சூழ்ந்த ஒரு கல்லூரியில் பிசிகல் டைரக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பெயர் ஞானராஜ். பிள்ளைகளுக்கு பி.டி. சார். பெண்கள் பேஸ்கட்பால் டீமுக்குக் கோச் நான்தான், கோர்ட்டில் சுண்ணாம்புக் கோடு போடுகிறவனும் நான்தான், பந்துக்குக் காற்றடிக்கிறவனும் நான்தான். இப்போது புதிதாக இந்த வேலைக்கு வருகிற தம்பி தங்கைகள் என்னிடம் டிஃபென்ஸ் பற்றியும் ஃபாஸ்ட் பிரேக் பற்றியும் கேட்கிறார்கள். அதெல்லாம் செல்போனிலேயே வீடியோவாகக் கிடைக்கிறது. அதில் கிடைக்காத ஒன்றைச் சொல்கிறேன்.

எங்கள் தாளாளர் ரைஸ் மில் முதலாளி. கல்லூரியையும் மில் மாதிரியே நடத்தினார். ஒரு பக்கம் கொட்டினால் மறு பக்கம் வந்துவிட வேண்டும், நடுவில் என்ன நடக்கிறது என்று கேட்க மாட்டார். கெட்ட மனிதர் இல்லை. அந்த வருஷம்தான் தன் மகனுக்குப் பட்டுக்கோட்டையில் பெண் எடுத்திருந்தார். பெண்ணின் அப்பா பெரிய தேங்காய் வியாபாரி. கல்யாணப் பந்தலின் வாழைமரம் காய்வதற்குள், கல்லூரி நடத்திய அழைப்புப் போட்டிக்கு அந்தச் சம்பந்தியையே சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டுவிட்டார்.

நாதஸ்வரமும் தவிலும் வைத்திருந்தார்கள். "சம்பந்தி ஐயா கையத் தூக்குனதும் கெட்டிமேளம் விழணும்" என்று தவில்காரருக்கு உத்தரவு. பந்து விழுந்த பிறகு அடித்தால் போதும் என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

சம்பந்தி ஐயா பட்டு வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். இரண்டு கையாலும் பந்தைப் பிடித்து, முழங்காலுக்குக் கீழே கொண்டுபோய், லாரிக்குத் தேங்காய் ஏற்றுகிற மாதிரி மேலே வீசினார். பந்து ரிங்குக்குக் கீழேயே வளைந்து கம்பத்தில் பட்டு ஓடியது. கெட்டிமேளம் முழங்கியது.

மைக்கில் எங்கள் தமிழ்ப் பேராசிரியர் இருந்தார். எந்த நிலைமையிலும் அவருக்கு வார்த்தை கிடைத்துவிடும். "பந்து ரிங்கைத் தேடிப் போகவில்லை, நம் நெஞ்சைத் தேடி வந்திருக்கிறது!" என்றார். கைதட்டல். காப்டன் கௌசல்யா ஓடிப்போய் பந்தை எடுத்துவந்து கொடுத்தாள். மறுபடி வீச்சு, மறுபடி கெட்டிமேளம். "ஐயா அவர்கள் ரிங்கின் மேல் கருணை காட்டுகிறார்!" என்றார் பேராசிரியர். அப்புறமும் வீசினார், அப்புறமும் மேளம் முழங்கியது. பந்து மட்டும் பிடிவாதமாக இருந்தது.

கௌசல்யா என் பக்கத்தில் வந்து, "சார், கீழேருந்து எறியறாரு. நெத்திக்கு மேல வச்சுத் தள்ளணும்னு நான் போயிச் சொல்லட்டா?" என்று கேட்டாள்.

"தாயே, நீ வாயத் தொறக்காம நில்லு. அது போதும்" என்றேன்.

கடைசியில் சம்பந்தி ஐயா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ரிங்கு ரொம்ப ஒசரமால்ல இருக்கு" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் காரைப் பார்த்து நடந்தார். மதியத்துக்குத் தலைவாழை இலை போட்டு வைத்திருந்தது. அவர் நிற்கவில்லை. சம்பந்தி கை நனைக்காமல் போனார் என்றால் எங்கள் பக்கத்தில் அது சின்ன விஷயம் இல்லை. அவருடைய கார் பட்டுக்கோட்டை போய்ச் சேர்வதற்கு முன்பே அந்தச் சேதி அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

2. யார் வைத்த ரூல்

மறுநாள் தாளாளர் அறைக்குக் கூப்பிட்டார்கள். முதல்வரும் இருந்தார். தாளாளர் என்ன சொன்னாலும் தும்மல் வருகிற மாதிரி தலையை ஆட்டிக்கொண்டே இருப்பவர் எங்கள் முதல்வர்.

"ஞானராஜ், அந்த ரிங்க அவ்ளோ ஒசரத்துல யாரு மாட்டச் சொன்னது?"

"ரூல்ங்க ஐயா. தரையிலேருந்து பத்தடி."

"யாரு வச்ச ரூலு?"

"உலகம் பூரா அதாங்க."

"உலகம் பூரா இருக்கட்டும். அவங்களுக்கெல்லாம் சம்பந்தி இருக்காங்களா?"

இதற்கு ரூல் புத்தகத்தில் பதில் கிடையாது. 

"எம் மருமவ நேத்தைக்கி ராத்திரி சாப்புடல சார். எங்கப்பாவ நடுக்களத்துல நிக்கவச்சு மேளம் கொட்டி அவமானப்படுத்திட்டீங்கன்னு ஒரே அழுகை. இன்னொரு தடவ அவரு வருவாரு. பந்து உள்ள விழுவணும். ரிங்க எறக்குங்க."

"ஒரு பக்கத்து ரிங்க மட்டும் எறக்கட்டுமாங்க?" என்று கேட்டேன். மறு பக்கமாவது பிள்ளைகளுக்கு மிஞ்சட்டும் என்பது என் கணக்கு.

தாளாளர் யோசித்தார். "ஒண்ணு மேல, ஒண்ணு கீழ இருந்தா பாக்குறவங்க என்ன நெனப்பாங்க? ரெண்டையும் எறக்குங்க."

வெல்டர் வந்தார். இரண்டு போர்டையும் ஒரு சாண் கீழே இறக்கிப் பற்ற வைத்தார். பற்ற வைக்கும்போது தாளாளரே குடை பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார். கல்லூரிக் கட்டடத்துக்கு கான்கிரீட் போட்ட அன்றுகூட அவர் அப்படி நிற்கவில்லை.

3. வீட்டில் புலி

அதற்கு ஒரே வாரத்தில் எங்கள் பிள்ளைகள் சம்பந்தி ரிங்கு என்று பெயர் வைத்துவிட்டார்கள். முதலில் அவர்களுக்குக் கொண்டாட்டம்தான். ரிங்குக்குக் கிட்டே ஓடிவந்து போடுகிற லே-அப் எல்லாம் லட்டு மாதிரி விழுந்தது. கௌசல்யா எம்பினால் வலையைத் தொட்டாள். நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கௌசல்யாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டுக்கோட்டை தாண்டி கடலோரக் குப்பத்துப் பெண். அப்பா குமரேசன் ஃபைபர் போட்டில் மீனுக்குப் போகிறவர். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட்டும் ஹாஸ்டலும் இலவசம் என்பதால்தான் கல்லூரிக்கு வந்தாள். அவர்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள். அலையில் போட்டைத் தள்ளிப் பழகிய தோள். வலது மணிக்கட்டில் எப்போதும் ஒரு கறுப்புக் கயிறு இருக்கும். விளையாட்டில் அவளுக்கு ஒரே குறை, கோச்சைவிட அதிகம் பேசுவாள்.

வெளியூர் டீம்கள் எங்கள் கோர்ட்டுக்கு வந்து ஆடினால், அவர்கள் எறிகிற பந்தெல்லாம் ரிங்கைத் தாண்டிப் போர்டில் மோதித் திரும்பும். நாங்கள் ஜெயித்துக்கொண்டே இருந்தோம். ஒரு ரெஃப்ரி மட்டும் அண்ணாந்து பார்த்து, "சார், ரிங்கு கொஞ்சம் எறக்கமா இருக்காப்ல தெரியுதே?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் முதல்வர் முந்திக்கொண்டார்.

"ரிங்கு அப்படியேதாங்க இருக்கு. தரைதான் ஏறிடுச்சு. விளைச்சல் பூமி பாருங்க, வருஷா வருஷம் வண்டல் ஏறும்."

சிமெண்ட் தரையில் வண்டல் எப்படி ஏறும் என்று ரெஃப்ரி கேட்கவில்லை. அவருக்கும் பொன்னாடை போர்த்தியாகிவிட்டது. சாப்பாடு நேரம் வேறு.

பிறகு திருச்சியில் ஒரு போட்டிக்குப் போனோம். அங்கே ரிங் பத்தடியில் இருந்தது. எங்கள் பிள்ளைகள் எறிந்த ஒவ்வொரு பந்தும் முன்கம்பியில் இடித்துவிட்டு எறிந்தவளிடமே திரும்பி வந்தது. எதிர் டீம் பெண்கள் முதலில் பயந்துதான் ஆடினார்கள், எங்கள் உள்ளூர் வெற்றிகளைக் கேள்விப்பட்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் யாரும் பேசவில்லை. கௌசல்யாகூடப் பேசவில்லை.

4. கூடம் கோணல்

தோல்விக்குக் காரணம் கண்டுபிடிக்க மீட்டிங் போட்டார்கள். ஷூ சரியில்லை என்றார் முதல்வர். பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை போதாது, அதற்கு ஒரு பேச்சாளரைக் கூப்பிடலாம், தன் மச்சானே நன்றாகப் பேசுவார் என்றார் தமிழ்ப் பேராசிரியர். ஹாஸ்டலில் ரசம் தண்ணீராக இருப்பதாக வார்டன் அம்மாவே ஒப்புக்கொண்டார். தாளாளர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "ஒரு ரிங்கு தெக்க பாத்து இருக்கு. அதான் வெனை" என்றார்.

"ஐயா, ஒண்ணு வடக்க பாத்தா இன்னொண்ணு தெக்க பாத்துத்தாங்க ஆகணும்" என்றேன்.

"அப்ப ரெண்டையும் வடக்க பாத்து வைங்களேன்."

முதல்வர் தலையை ஆட்டினார். நான் பெருமூச்சு விட்டுவிட்டு, விஷயத்தைப் போட்டு உடைத்தேன். "ஐயா, ரிங்கு ஒரு சாண் கீழ இருக்கு. அதுல பழகுன கைக்கு வெளியூர் ரிங்கு எட்டல. வேற ஒரு காரணமும் இல்லைங்க."

 எல்லோரும் மேஜையைப் பார்த்தார்கள். தாளாளர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல பழமொழிதான். ஆனால் கூடம் நிஜமாகவே கோணலாக இருந்தால் ஆடத் தெரிந்தவள் என்ன செய்ய வேண்டும் என்று நம் முன்னோர் சொல்லிவிட்டுப் போகவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் வேலையை எழுதிக் கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

தாளாளர் அதோடு விட்டாரா? "பொங்கல் கழிச்சு யூனிவர்சிட்டி ஜோனல் போட்டி நம்ம காலேஜ்லதான் நடக்கப்போவுது. நம்ம புள்ளைங்கள்ல ஒண்ணாவது யூனிவர்சிட்டி டீமுக்கு செலக்ட் ஆவணும். ஆவலைன்னா அடுத்த வருஷம் ஸ்போர்ட்ஸ் சீட்டு, ஹாஸ்டல் ஃப்ரீ எல்லாம் கட். சும்மா சோறு போட இது சத்திரமில்ல" என்றார்.

மறுநாள் இரண்டு கம்பத்திலும் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. நான் தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் சபைக் கிறிஸ்தவன். எலுமிச்சம்பழம் பற்றி என்னிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

அந்த வாரமே குமரேசன் வந்தார். பஸ்ஸில் கொண்டுவந்த கொடுவா மீனைப் பையோடு என் வீட்டு வாசலில் வைத்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"சார், சீட்டு போயிரும்னு பேசிக்கிறாங்களாமே. நெசமா?"

"பாப்போங்க. இன்னும் ஒண்ணும் ஆவல."

"சொந்தத்துல ஒரு பையனுக்குக் கேக்குறாங்க சார். படிப்பு முடியட்டும்னு சொல்லி நிறுத்தி வச்சிருக்கேன். படிப்பு பாதில நின்னுச்சுன்னா அப்பறம் என்ன சொல்லி நிறுத்தறது? எனக்கு வேற சாக்கு இல்ல சார்."

 ஒரு சாண் இரும்பு அந்தப் பெண்ணின் படிப்பில் வந்து நிற்கிறது. செலக்டர்கள் டேப் வைத்து அளப்பார்கள். போட்டி அன்றைக்கு ரிங் பத்தடிக்கு ஏறித்தான் ஆக வேண்டும். ஆனால் அன்றைக்கு ஏற்றினால் திருச்சியில் நடந்ததுதான் இங்கேயும் நடக்கும். கை பழகுவதற்கு ஒரு மாதமாவது முன்னால் ஏற வேண்டும். தாளாளரிடம் கேட்டேன். "சம்பந்திதான் அன்னைக்கும் சீஃப் கெஸ்ட்டு. அவரு பந்தப் போட்டு முடிச்சதும் ஏத்திக்குங்க, நானா வேணாங்கிறேன்?" என்றார். வெல்டரைப் பக்கத்திலேயே தயாராக நிறுத்தி வைக்கிறேன் என்று வாக்குறுதியும் கொடுத்தார்.

5. பந்தல்காரர் கேட்ட கேள்வி

வழி காட்டியவர் பந்தல்காரர். ஆனால் வழி காட்டினோம் என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது. ஜோனல் போட்டிக்கு ஷாமியானா பேச வந்தவர், "சார், பெரியவங்க ஒக்கார்ற மேடை என்ன ஒசரம் போடட்டும்? ஒரு முழமா, ரெண்டு முழமா?" என்று கேட்டார். நான் அவரைப் பார்த்தேன், ரிங்கைப் பார்த்தேன். அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். பந்தல்காரர் பயந்துவிட்டார்.

நேரே தாளாளர் அறைக்குப் போனேன். குரலை எவ்வளவு பணிவாக வைக்க முடியுமோ அவ்வளவு பணிவாக வைத்துக்கொண்டேன்.

"ஐயா, போன தடவ நடந்தது நெஞ்ச உறுத்திக்கிட்டே இருக்குங்க. சம்பந்தி ஐயாவ நாம தரையில நிக்க வச்சுட்டோம்."

தாளாளர் நிமிர்ந்தார். "தரையிலயா?"

"ஆமாங்க. ஆடவந்த புள்ளைங்க நிக்கிற அதே தரையில, அவங்களோட அவங்களா. அவரு அந்தஸ்து என்ன! சாப்பிடாம போனாருன்னா அதுக்குக் காரணம் பந்து இல்லைங்க, இதுதான்னு எனக்குப் படுது."

அவர் முகம் மாறியது. நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "இது எனக்குத் தோணவே இல்லயே, ஞானராஜ்."

"ரிங்குக்கு நேரா தனியா ஒரு மேடை. சிவப்புக் கம்பளம், ரெண்டு பக்கமும் வாழை. ஐயா மேடையில நின்னு போடட்டும். கல்யாண மேடை மாதிரி இருக்கும்ங்க."

"பிரமாதம்."

"ஒண்ணே ஒண்ணுதாங்க. அவரு மேடை மேல ஏறிட்டா ரிங்கு தலைக்குக் கிட்ட வந்துரும். கையத் தூக்குனா இடிக்கும். ரத்தம் கித்தம் வந்துட்டா…"

தாளாளர் மேஜையைத் தட்டினார். "அப்ப ரிங்க ஏத்துங்க சார்! இதெல்லாம் முன்கூட்டியே யோசிக்க மாட்டீங்களா? மேடை ஒசந்தா ரிங்கும் ஒசரணும்ங்கிறது சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். நீங்கள்லாம் என்ன பி.டி.?"

"தப்புதாங்க" என்றேன். என் முப்பது வருஷ வேலையில் எனக்கு இவ்வளவு இனித்த திட்டு வேறு கிடையாது. அன்று மாலையே வெல்டர் வந்தார். ரிங் ஒரு சாண் ஏறிப் பத்தடிக்குப் போனது. தாளாளர் குடை பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார்.

6. திரும்பி வருகிற பந்து

ரிங் ஏறியது, கை ஏறவில்லை. முதல் சில நாள் பார்க்கச் சகிக்கவில்லை. எறிந்ததெல்லாம் முன்கம்பியில் இடித்து வெளியே வந்தது. ஒரு நாள் காலை கௌசல்யா பந்தைக் கீழே போட்டுவிட்டுக் கோர்ட்டின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"என் கை கெட்டுப்போச்சு சார். எல்லாம் திரும்பித் திரும்பி வருது."

"திரும்பி வந்தா என்ன? எடுத்து மறுபடி போடு."

"நான் விட்டத நானே எடுத்துப் போடவா?"

"யாரு விட்டா என்ன? கம்பியில பட்டு வெளிய வந்துட்டா அது யாரோட பந்தும் இல்ல. மொதல்ல எம்பறவ யாரோ அவளோடது. கீழ எறங்கி யோசிக்காத. மேலயே புடி, மேலயே போடு."

சும்மா ஆறுதலுக்குச் சொன்னதுதான். ஆனால் அவள் பிடித்துக்கொண்டாள். மற்றவர்கள் தள்ளி நின்று எம்பி எறிகிற ஜம்ப் ஷாட் பழகிக்கொண்டிருக்கும்போது இவள் ரிங்குக்குக் கீழே நின்று, அவர்கள் தவற விடுவதையெல்லாம் எம்பி எடுத்து உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். டீமில் விடுகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லாததால் அவளுக்கு நல்ல பயிற்சி கிடைத்தது. பொங்கல் லீவுக்குக்கூட ஒரு நாள்தான் வீட்டுக்குப் போய் வந்தாள். மெல்ல மெல்லப் பிள்ளைகளின் கையும் பத்தடிக்கு வந்தது. கௌசல்யாவின் வாயும் பழையபடி திறந்தது. அதற்காக நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்ததே இல்லை.

7. மேடை

போட்டி நாள். சிவப்புக் கம்பளம் விரித்த மேடை. இரண்டு பக்கமும் குலை தள்ளிய வாழை. ஷாமியானாவில் யூனிவர்சிட்டி செலக்டர் அம்மா, சிரிப்புக்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டும் என்பது போன்ற முகத்தோடு உட்கார்ந்திருந்தார். வந்ததும் வராததுமாக டேப் வைத்து ரிங்கை அளந்துவிட்டு, "சரியா இருக்கு" என்றார். முதல்வருக்கு உயிர் வந்தது.

குத்துவிளக்கு, பொன்னாடைகள் எல்லாம் முடிந்தன. இரண்டு டீமும் ரிங்குக்கு இரண்டு பக்கமும் வரிசையாக நின்றார்கள். சம்பந்தி ஐயா மேடை ஏறினார். மருமகளும் முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தாள். தாளாளர் உள்ளங்கையை வேஷ்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த நேரத்தில் அவரைப் பார்க்க எனக்குப் பாவமாகத்தான் இருந்தது.

மேடையிலிருந்து பார்த்தால் ரிங் கைக்கு எட்டுகிற தூரம். மெதுவாகத் தள்ளிவிட்டாலே விழுந்துவிடும். ஆனால் சம்பந்தி ஐயா போன தடவை பட்ட அவமானத்துக்கும் சேர்த்து வீசினார். தவில்காரர் கெட்டிமேளத்தை ஆரம்பித்துவிட்டார். பந்து போர்டில் மடேர் என்று அடித்து, கம்பியில் ஒரு தட்டுத் தட்டி, வெளியே எகிறியது.

தமிழ்ப் பேராசிரியர் வாயைத் திறந்தார். முதல் முறையாக அவருக்கு வார்த்தை கிடைக்கவில்லை.

அப்போது வரிசையிலிருந்து ஓர் உருவம் எம்பியது. கறுப்புக் கயிறு கட்டிய கை பந்தை அந்தரத்திலேயே பிடித்தது, அந்தரத்திலேயே உள்ளே தள்ளியது. பந்து வலையை உரசிக்கொண்டு விழுந்தபோது கௌசல்யா வரிசையில் தன் இடத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி நின்றாள். கெட்டிமேளம் இன்னும் ஓயவில்லை.

வீசிய வேகத்தில் கண்ணை மூடியிருந்த சம்பந்தி ஐயா கண்ணைத் திறந்தார். வலைக்குள்ளிருந்து பந்து இறங்குவதைப் பார்த்தார். இரண்டு கையையும் தூக்கினார். மருமகள் எழுந்து நின்று கைதட்டினாள். தாளாளர் மேடையேறிச் சம்பந்தியைக் கட்டிக்கொண்டார். "ஐயா அவர்களின் குறி தப்புமா!" என்றது மைக். அன்று சம்பந்தி ஐயா இலையில் உட்கார்ந்து இரண்டு தடவை பாயசம் வாங்கிச் சாப்பிட்டார்.

போட்டியில் நாங்கள் இரண்டாவதாகத்தான் வந்தோம். முடிவில் செலக்டர் அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"உங்க காப்டன எடுத்துக்கறேன்."

"ரொம்ப சந்தோஷம் மேடம். எந்த மேட்ச்ல பாத்தீங்க?"

"மேட்ச்லயும் பாத்தேன். ஆனா முடிவு பண்ணது மேட்சுக்கு முன்னாடியே" என்றார். மேடையைத் திரும்பிப் பார்த்தார். அனுமதி வாங்கிவிட்டார் போலிருக்கிறது, சிரித்தார்.

கௌசல்யாவின் சீட்டும் தப்பியது, அவளுக்குப் பின்னால் வந்தவர்களின் சீட்டும் தப்பியது. தாளாளர் அதற்கு மேடையைத்தான் காரணம் சொன்னார். அடுத்த வருஷமே அதை சிமெண்டில் கட்டி, டைல்ஸ் பதித்து, சம்பந்தி பெயரில் கல்வெட்டும் வைத்துவிட்டார். கோர்ட்டின் எல்லைக்கோட்டுக்கு வெளியே தள்ளிக் கட்ட வைக்க மட்டும் என்னால் முடிந்தது. பிள்ளைகள் அதில் துண்டு காயப் போடுகிறார்கள். ரிங் பத்தடியிலேயே இருக்கிறது.

போட்டி முடிந்த மறுநாள் பேப்பரில் போட்டோ வந்தது. மேடையில் வீசிய கையை இன்னும் இறக்காமல் நிற்கிற சம்பந்தி ஐயா, அவருக்கு மேலே ரிங், ரிங்குக்குள் பந்து. போட்டோவின் ஓரத்தில் வெட்டுப்பட்டது போக ஒரு கை மட்டும் மிச்சம் இருந்தது. அந்த வாரம் குமரேசன் மறுபடி மீன் பையோடு வந்தார். மடித்த பேப்பரை எடுத்து நீட்டினார்.

"சார், இது என் மவ கைதானே?"

"ஆமாங்க."

"இந்தக் கறுப்புக் கயிறு நான் கட்டுனது. அதான் தெரிஞ்சுது." படத்தில் கயிறு இருந்த இடத்தை விரலால் தொட்டார். "மொகம் விழுந்திருந்தா அவங்கம்மாவும் ஊர்ல காட்டியிருப்பா" என்று சொல்லிவிட்டு, பேப்பரைப் பத்திரமாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

புதிதாக வேலைக்கு வருகிற தம்பி தங்கைகளே, நான் கற்றுக்கொண்டது இதுதான். பெரிய மனிதர்களின் பந்து விழவில்லை என்றால் ரிங்கைத் தாழ்த்தாதீர்கள், அவர்களை உயர்த்திவிடுங்கள், அவர்களே ரிங்கை ஏற்றிக் கொடுப்பார்கள். அப்படியும் பந்து விழாது. மேளம் ஓய்வதற்குள் அதை எடுத்து உள்ளே போடத் தெரிந்த ஒருத்தியைப் பழக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவள் முகமும் விழுகிற மாதிரி போட்டோக்காரரை எங்கே நிறுத்துவது என்பது எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. அதை நீங்களாவது கண்டுபிடியுங்கள்.